சுரங்கத்துக்குள் ஒரு சைக்கிள் மணி

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஓகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. நடந்த இடம் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே போனால் வரும் ஒரு தேசியப் பூங்கா. ஆனால் விஷயம் தொடங்கியது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் வீட்டில்தான்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே பொறியியல் படித்து, மத்திய லண்டனில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய பாலம் கட்டுவேன், நெடுஞ்சாலை போடுவேன் என்று நினைத்துக்கொண்டு வந்தவனுக்குக் கிடைத்தது, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கும் பாதை வரையும் வேலை. விம்பிள்டன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் சந்திக்கும் ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "சைக்கிள் ஓடுறதுக்கு றோட்டுக் கீறவோ தம்பி லண்டனுக்கு வந்தனீர்? எங்கட ஊரிலை அந்த வேலையை ஆடு மாடெல்லோ பார்த்தது" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

இங்கிலாந்தின் தேசியப் பூங்கா என்றால் வேலியும் வாசற்கதவும் போட்ட பூங்கா என்று நினைத்துவிடாதீர்கள். மலை, பள்ளத்தாக்கு, ஆறு, கிராமம், ஆடு மேயும் புல்வெளி எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய நிலப்பரப்பு அது. கோடைகாலத்தில் ஞாயிறு வந்துவிட்டால் சுற்றியுள்ள நகரங்களில் உள்ள கார்களெல்லாம் அங்கேதான் நிற்கும். பாதைகளோ இரண்டு பக்கமும் கல் மதில் கட்டிய பழைய வண்டிப் பாதைகள். எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். அழகைப் பார்க்க வந்த சனம், முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியது.

நான் சொல்லும் பள்ளத்தாக்கில் இந்த நெரிசல் மிக மோசம். அதைக் குறைக்க ஒரு வழி இருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே ரயில் ஓடியிருக்கிறது. பிறகு ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் போன தடம் மட்டும் புல் முளைத்துக் கிடந்தது. பள்ளத்தாக்கின் வாசலில் உள்ள பழைய ஸ்டேஷனில் கார்களை நிறுத்திவிட்டு, அந்தத் தடத்தின் வழியே மக்கள் நடந்தோ சைக்கிளிலோ மேலே போகட்டும், கார் மேலே போகவே தேவையில்லை என்பதுதான் திட்டம். பாதையை வரையும் வேலை எனக்கு வந்தது.

முதன்முதலில் அதை அளக்கப் போன நாளை நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கிறது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கிறது. கீழே ஆறு ஓடுகிறது. நடுவே அந்தத் தடம், மலையின் இடுப்பில் கட்டிய அரைஞாண் கயிறுபோல, ஏறுவதே தெரியாமல் ஏறிக்கொண்டு போகிறது. ரயில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று அந்தக் காலத்து ஆட்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, அவ்வளவு மென்மையாகச் சரிவை எடுத்திருக்கிறார்கள். மலையின் ஒரு கால் குறுக்கே நீட்டிக்கொண்டு வரும் இடத்தில் அவர்களால் சுற்றிப் போக முடியவில்லை. கையால் குடைந்து உள்ளே போய்விட்டார்கள். அந்தச் சுரங்கத்தின் வாசலில் நின்று நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு குளிர் வந்து முகத்தில் அடித்தது. தொலைவில், மறுமுனை ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது.

சுரங்கம் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் பூங்காக்காரர்களுக்குப் பயம். இருட்டு, கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர், யாராவது விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி. இரண்டு வாசலுக்கும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டு, பாதையை மலைக்கு மேலால் கொண்டு போகச் சொன்னார்கள். சொன்னபடி செய்தேன். மென்மையாக வந்த பாதை, அந்த இடத்தில் மட்டும் வளைந்து வளைந்து மூச்சு முட்ட மேலே ஏறி, பிறகு மறுபக்கம் இறங்கியது. சுரங்கத்துக்குச் சற்று முன்னால், ஸ்டேஷன் பக்கம் ரயில் பாலம் இருந்த இடத்தில், மரத்தில் ஒரு சிறிய பாலம் வரைந்தேன். எந்தக் காரணம் கொண்டும் ஒரு கார் அதில் வந்துவிடக் கூடாது என்று அளந்து அளந்து ஒடுக்கினேன். அந்த ஒடுக்கத்தில் எனக்குப் பெரிய பெருமை.

இனி என் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சாள் என்றால் என் மனைவியின் தங்கை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கொழும்புக்கு வந்து, ஒருவழியாக எங்களிடம் வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதிகம் பேசமாட்டாள். ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால், "அது போகட்டும் அத்தான்" என்பாள். அரசாங்கம் பெற்றோல் போக விடாமல் தடுத்து வைத்திருந்த ஊரில் ஆண்டுக்கணக்காக இருந்தவளுக்கு, லண்டனில் முதலில் கிடைத்த வேலை ஒரு பெற்றோல் ஸ்டேஷனில். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு சைக்கிள். பழைய பொருள் விற்கிற இடத்தில் கிடைத்த, கறுப்பு நிறத்தில், இரும்பாலேயே செய்த ஒரு பெண்கள் சைக்கிள். பின்னால் கரியர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினாளாம். அதில்தான் வேலைக்குப் போவாள், அதில்தான் அரிசி மூட்டை கொண்டு வருவாள். என் மனைவிக்கு மானம் போனது. "எடி, பஸ் ஓடுற ஊரிலை உனக்கு என்னத்துக்கடி இந்த இரும்புக் கட்டை?" என்று கேட்பாள். மச்சாள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பாள்.

பாதை ஓரளவு தயாரானதும், பூங்காக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதனைக்காகத் திறந்தார்கள். மக்கள் வருகிறார்களா, காரை விட்டு இறங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். என் மேலாளரும் வருவார் என்று சொன்னதால் நான் டை கட்டிக்கொண்டு போனேன். குடும்பத்தையும் கூட்டிப் போனேன், ஆள் எண்ணிக்கையாவது கூடட்டுமே என்று. மனைவி விடிய எழும்பி ரோல்ஸும் கட்லட்டும் செய்து, பெரிய பாத்திரத்தில் இடியப்பமும் சம்பலும் கட்டினாள். மச்சாள் தன் சைக்கிளையும் கொண்டு வருவேன் என்று நின்றாள். அங்கே வாடகைக்கு நல்ல சைக்கிள் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "கரியர் இருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவ்வளவுதான், இரும்புக் கட்டையும் எங்களோடு ரயில் ஏறியது.

ரயிலை விட்டு இறங்கி, பூங்காக்காரர்கள் விட்டிருந்த வானில் பழைய ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்து மேலே மூன்று மைல் இருக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கரியரில் வைத்துக் கட்டிவிட்டு மச்சாள் முன்னால் போக, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நானும் நடந்தோம். ஒடுங்கிய மரப்பாலத்தைக் கடக்கும்போது அதன் அருமை பெருமைகளை விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த மலையேற்றம் வந்தது. பிள்ளைகள் முனகினார்கள், மனைவி இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய மச்சாள் நின்று மூச்சு விட்டுவிட்டு, "இந்த ஏத்தத்தை ஆர் அத்தான் கீறினது?" என்று கேட்டாள்.

"நான்தான். ஏன்?"

"கீழை ரெயில் போன ஓட்டை கிடக்குத்தானே. அதுக்குள்ளாலை விட்டிருக்கலாமே."

"அது இருட்டு. ஆக்கள் பயப்பிடுவினம்."

அவள் இருட்டுக்குப் பயப்படுகிற ஆட்களும் உலகத்தில் உண்டா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தள்ளத் தொடங்கினாள்.

மலையின் மறுபக்கம் இறங்கினால், சுரங்கத்தின் மேல் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. அங்கே மேசை போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். வந்திருந்த கூட்டம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கீழே பள்ளத்தாக்கின் தெருவைப் பார்த்தால், வழக்கம்போல் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெயிலில் மின்னிக்கொண்டு அசையாமல் நின்றன. மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. நாங்கள் பெட்ஷீட்டை விரித்து, பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்தோம்.

பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயத் தம்பதி இருந்து, ஜாம் தடவிய ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரோல்ஸின் வாசனைக்குத் திரும்பிப் பார்த்த அந்த அம்மாவுக்கு மனைவி ஒன்று கொடுத்தாள். அவர் வாங்கி ரசித்துச் சாப்பிட்டார். ஜாமுக்குக் குளவிகள் வரத் தொடங்கியிருந்தன. கையால் விசுக்கிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தவர், திடீரென்று கழுத்தைப் பொத்திக்கொண்டார். குளவி கொட்டிவிட்டது.

முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சிவந்து வீங்கியது. உதடு தடித்தது. பிறகு மூச்சு ஒரு மாதிரி விசிலடிக்கத் தொடங்கியது. கணவர் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். காவலுக்கு நின்ற பூங்கா அதிகாரி, உயரமான ஒரு பெண், ஓடி வந்து பார்த்துவிட்டு வோக்கி-டோக்கியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். மறுபக்கத்தில் பேசிய குரலை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அம்புலன்ஸ் பள்ளத்தாக்கின் வாசலுக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் தெருவில் ஓர் அடி நகர முடியாது, கார்கள் மதிலுக்கு மதில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஊசி போட வேண்டும், அதுவும் உடனே. எப்படியாவது பழைய ஸ்டேஷனுக்குக் கொண்டுவர முடியுமா?

எப்படிக் கொண்டு போவது? மலைக்கு மேலால் தூக்கிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரமாவது ஆகும். அதிகாரியின் ஜீப் கீழே நிற்கிறது, அது மேலே வர முடியாது. வழியில் என் அருமையான ஒடுங்கிய பாலம் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் வரைந்த ஒரு பொருளை நினைத்து நானே வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் என் தோளை யாரோ தொட்டார்கள். மச்சாள். சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். கரியரில் இருந்த கயிறு, பை எல்லாவற்றையும் ஏற்கெனவே கழற்றி எறிந்துவிட்டாள்.

"அத்தான், அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கோ. நான் கொண்டு போறன்."

"விசரே? அவவாலை இருக்கவே ஏலாது."

"இருக்க ஏலாட்டிக் கட்டிக்கொண்டு போறது. எத்தினை பேரைக் கொண்டு போயிருக்கிறம். சொல்லுங்கோ அத்தான்."

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, அந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். சுரங்கத்தின் தரை சமமானது, நான் அளந்தது, நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வலது பக்கத்தில் வடிகால் உடைந்து கிடக்கிறது, இடது பக்கமாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்தார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கீழ் வாசல் கதவையும் திறந்து வைக்கும்படி அங்கே நின்ற காவலருக்கு வோக்கி-டோக்கியில் சொல்லிக்கொண்டே, சாவியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்.

அடுத்த சில நிமிடங்களில் மச்சாள் செய்ததை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் ஓர் அசைவுகூட வீண் இல்லை. நாங்கள் விரித்திருந்த பெட்ஷீட்டை உதறி, முறுக்கிக் கயிறுபோல் ஆக்கினாள். அந்த அம்மாவைத் தூக்கிக் கரியரில் ஒருபக்கமாக உட்காரவைக்கச் சொன்னாள். என் கழுத்தைக் காட்டி டையைக் கேட்டாள். அதை வாங்கி, அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்துக் கரியரின் காலோடு கட்டினாள், பாதம் சில்லுக்குள் போய்விடாதபடி. பிறகு சீட்டில் ஏறி இருந்துகொண்டு, அவரைத் தன் முதுகில் சாய்க்கச் சொன்னாள். பெட்ஷீட்டை அவர் கக்கத்தின் கீழால் எடுத்து, தன் தோளுக்கு மேலாலும் இடுப்பாலும் கொண்டு வந்து, வயிற்றில் ஒரு முடிச்சு. இரண்டு உடம்பும் ஒன்றாகிவிட்டது. தாயின் முதுகில் தூங்கும் பிள்ளைபோல் அந்தப் பெரிய மனுஷி அவள் முதுகில் கன்னத்தை வைத்துக் கிடந்தார்.

"நீங்கள் லைட்டோடை முன்னாலை போங்கோ" என்றாள் என்னிடம்.

அதிகாரியின் டோர்ச் லைட்டை வாங்கிக்கொண்டு வாடகைச் சைக்கிள் ஒன்றில் ஏறினேன். நான் சைக்கிள் ஓட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கையில் லைட், மறு கையில் ஹாண்டில். வாசலைத் தாண்டியதும் வெளிச்சம் பட்டென்று போய்விட்டது. குளிர் சட்டைக்குள் புகுந்தது. கூரையிலிருந்து தண்ணீர் தலையில் சொட்டியது. என் லைட் சுவரில், கூரையில், தரையில் என்று கண்டபடி ஆடியது. பின்னால் டயர் சரளைக்கல்லில் உருளும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அதற்கு மேலால் அந்த அம்மாவின் மூச்சு. வெளியில் மெல்லக் கேட்ட அந்த விசில் சத்தம், சுரங்கத்துக்குள் பத்து மடங்கு பெரிதாகி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. கேட்கவே முடியவில்லை.

அதோடு இன்னொரு சத்தமும் வந்தது. மச்சாள் பேசிக்கொண்டே வந்தாள். ஆங்கிலத்தில் அல்ல, சுத்த யாழ்ப்பாணத் தமிழில். "இந்தா வந்திட்டம் அம்மா. சொல்லுங்கோ. ம்? என்ன சொல்லுறியள்? ஒருக்காச் சொல்லுங்கோ." அவள் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அந்த அம்மா "ம்ம்" என்று ஒரு முனகல் முனகுவார். உடனே இவள், "ஓம் ஓம், அப்பிடித்தான். பிறகு?" என்பாள். மறுபடி ஒரு முனகல். வருடக்கணக்கில் பழகிய இரண்டு பேர் கதை பேசிக்கொண்டு போவதுபோல இருந்தது.

வடிகால் வரும் இடம் எனக்குத் தெரியும். "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்தினேன். கத்திய நான்தான் வலது பக்கம் போய் அதற்குள் விழுந்தேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், லைட் தண்ணீருக்குள். எல்லாம் அணைந்தது. தூரத்து வெளிச்சம் எட்டாத, தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. வருகிறவள் இப்போது என் மேல் ஏறப் போகிறாள், இரண்டு பேரும் விழப் போகிறார்கள், ஓர் உயிர் என்னால் போகப் போகிறது என்று நினைத்தேன்.

சைக்கிள் மணி அடித்தது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. டயர் சத்தம் ஒரு கணமும் தயங்கவில்லை. என் தலைக்குப் பக்கத்தால், ஒரு முழ தூரம் இருக்கும், காற்று விசிறியதுபோல் அவள் கடந்து போனாள். "சொல்லுங்கோ அம்மா, பிறகு?" என்ற குரலும் கூடவே போனது. தூரத்தில் அந்த வெள்ளைப் பொட்டு. அதற்கு எதிரே, ஒரே உருவமாகக் குனிந்த இரண்டு பெண்களின் நிழல். அது சிறிதாகிச் சிறிதாகிப் போய், வெளிச்சத்துக்குள் மறைந்தது. நான் சேற்றுத் தண்ணீரில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கடவுள் பக்தி அவ்வளவு இல்லை. ஆனால் அந்த இருட்டில் என் கைகள் தாமாகவே கூம்பியிருந்தன. சற்றுக் கழித்துத்தான் அதை நான் கவனித்தேன்.

நான் நொண்டிக்கொண்டு பழைய ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டாகிவிட்டது. அந்த அம்மாவைப் படுக்கையில் கிடத்தி, முகத்தில் ஒட்சிசன் வைத்திருந்தார்கள். மார்பு ஏறி இறங்கியது. விசில் சத்தம் குறைந்திருந்தது. அவருடைய கணவர் சுரங்கத்தின் வழியே அந்த அதிகாரியோடு ஓடி வந்து சேர்ந்தார். மச்சாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நின்றார். அவரையும் ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் போனது. இனிப் பயமில்லை என்று கொஞ்ச நேரத்தில் வோக்கி-டோக்கியில் செய்தி வந்தது. என் மேலாளரும் அதற்குள் வந்துவிட்டார். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்.

மச்சாள் பழைய பிளாட்பாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் இன்னும் பெட்ஷீட் சுற்றியிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் விழுந்து கிடந்தது உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நீங்கள் விழுந்த சத்தத்தை வைச்சுத்தான் மற்றப் பக்கத்தாலை வெட்டினனான்" என்றாள். "ஊரிலை லைட் போட்டு ஓடினால் மேலை ஹெலியிலை இருந்து சுடுவாங்கள். இருட்டிலை ஓடித்தானே பழக்கம்."

நான் சிரித்தேன். நீர் இல்லாவிட்டால் இன்றைக்கு அந்த மனுஷி போயிருக்கும் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பெட்ஷீட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அது இறுகிக் கிடந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்.

"அம்மாவையும் நான்தான் இப்பிடிக் கட்டிக்கொண்டு போனனான், அத்தான்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவள் அம்மா, என் மாமி, ஊரில் காலமாகி அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமி ஆஸ்பத்திரியில் நோயால் இறந்ததாகத்தான் கொழும்பிலிருந்து எங்களுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அதற்கு மேல் என் மனைவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகளே கொண்டு போனாள் என்பதையோ, இப்படிக் கொண்டு போனாள் என்பதையோ யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"கார் இல்லை, பெற்றோல் இல்லை. அம்மாவுக்கு நெஞ்சுக்குள்ளை நோ. கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்தவ. அக்கா கடிதம் போட்டவளோ, வீட்டுக் கதவைப் பூட்டினனியோ எண்டு. அவவின்ரை மூச்சு என்ரை முதுகிலை சுட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு இடத்திலை கதை நிண்டிட்டுது. முதுகிலை சூடும் நிண்டிட்டுது." பெட்ஷீட்டின் நுனியை விரலில் சுற்றினாள். "நான் சைக்கிளை நிப்பாட்டேல்லை அத்தான். நிப்பாட்டித் திரும்பினாத்தானே தெரியும். திரும்பிப் பாக்காமலே ஆஸ்பத்திரி மட்டும் உழக்கினனான்."

இவள் எங்கள் வீட்டில் எங்களோடு ஒன்றாகச் சாப்பிட்டு, பெற்றோல் ஸ்டேஷன் கதைக்கு எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு இருந்த அத்தனை நாளும் இதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாள். சுரங்கத்துக்குள் அவள் ஏன் வாய் ஓயாமல் பேசினாள், ஒவ்வொரு முறையும் பதிலுக்காக ஏன் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கண்ணீர் முகத்திலிருந்த சேற்றோடு கலந்து வழிந்தது. நான் துடைக்கவில்லை.

அவள் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இண்டைக்குக் கடைசி மட்டும் சூடு இருந்தது, அத்தான்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

திரும்பி வரும் ரயிலில் அவளே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தங்கையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு லண்டன் வரும் வரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அந்த இரும்புக் கட்டையை யாரும் எங்கள் வீட்டில் குறை சொன்னதில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் என் படத்தை மேசையில் விரித்து, நானே வரைந்த மலையேற்றத்தை நானே அடித்தேன். பாதையைச் சுரங்கத்தின் வழியே கொண்டு போனேன். விளக்கு, வடிகால் மூடி, கைபிடி எல்லாம் வைத்தேன். பாலத்தையும் ஓர் அம்புலன்ஸ் போகிற அளவுக்கு அகட்டி, மற்றக் கார்கள் வராதபடி நடுவில் கழற்றக்கூடிய ஒரு கம்பம் போட்டேன். பூங்காக்காரர்கள் இந்த முறை அதிகம் வாதாடவில்லை. அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்த அதிகாரியும் கூட்டத்தில் இருந்தார். சில வருடங்களில் பாதை முழுதாகத் திறந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தாக்கின் தெருவில் ஆற்றின் சத்தம் கேட்கத் தொடங்கியது. விம்பிள்டன் கோயிலில் அந்த ஊர்க்காரர் இன்னொரு முறை ஆடு மாட்டுக் கதையை எடுத்தபோது எனக்குக் கோபமே வரவில்லை.

எத்தனையோ பாதைகளை வரைந்துவிட்டேன், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனாலும் எந்த ஊரில் எந்தப் பாதையில் நடந்தாலும், அது அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு மகள் தன் தாயை முதுகில் கட்டிக்கொண்டு இதன் வழியே நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்றுதான் என் மனம் முதலில் அளந்து பார்க்கிறது.